லோட்டஸ் 23: தண்ணீர் ஓடும் சட்டகத்தில் ஓர் ஓட்டை

மார்ச் முதல் சனிக்கிழமை காலை, பெரியவர் தன் பழைய பந்தயக் காரின் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திருகி எடுத்து உள்ளே விரலை விட்டார். விரல் நனையவில்லை. முந்தின சனிக்கிழமை அதைக் கழுத்துவரை நிரப்பியவன் நான். ஒரு லிட்டருக்குக் குறையாமல் காணாமல் போயிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஹோஸ் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. எஞ்சினுக்குள் இறங்கியிருந்தால் ஆயில் அளவுகோலில் மோர் போன்ற வெண்மை ஒட்டியிருக்கும், அதுவும் இல்லை. அடித்தகட்டின் ஓரத்தில் மட்டும் தேநீர்க் கறை போல ஒரு பழுப்புக் கோடு, நான்கு விரற்கடை நீளத்துக்கு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் காரில் அப்படி ஒரு கறைக்குப் பொருள் ஒன்றுதான்: சட்டகமே ஒழுகுகிறது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லோட்டஸ் 23, 1962இல் இங்கிலாந்தின் செஸ்ஹன்ட் ஊரில் இருந்த தொழிற்சாலையில் காலின் சாப்மன் உருவாக்கிய இருவர் இருக்கைப் பந்தயக் கார். 'இருவர்' என்பது விதிமுறைப் புத்தகத்துக்காக. இரண்டாமவர் இடத்தில் ஒரு பூனையை உட்காரவைத்தால் அது முகம் சுளிக்கும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அவருடைய பாதங்களுக்கு முன்னால் ரேடியேட்டர், மேலே மெல்லிய கண்ணாடியிழைக் கூடு. எடை 400 கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊர் மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு குறைவு என்பது விளங்கும். மொத்தம் 130 கார்கள் அளவில்தான் செய்யப்பட்டன. பெரியவரிடம் இருப்பது 1.1 லிட்டர் எஞ்சின் கொண்டது. ஃபோர்டு ஆங்லியா காரின் சாதாரண எஞ்சினை காஸ்வொர்த் நிறுவனம் பந்தயத்துக்காகப் பக்குவப்படுத்தியது.

எடையைக் குறைக்கும் வித்தையில் சாப்மனின் பிடித்தமான வழி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பின்னால் இருக்கும் எஞ்சினுக்கும் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் தூரம். தண்ணீர் போய்வரத் தனிக் குழாய்கள் எதற்கு? சட்டகமே குழாய்களால் ஆனதுதானே, அதன் வழியாகவே விட்டால் போயிற்று. ஆயிலுக்கும் அப்படியே. ஆகவே இந்தக் காரில் ஓட்டுநரின் தொடையை ஒட்டிச் செல்லும் எஃகுக் குழாய், சக்கரங்கள் தரும் விசையையும் தாங்குகிறது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரையும் சுமக்கிறது. காகிதத்தில் பார்த்தால் கைதட்டத் தோன்றும். அறுபது ஆண்டுகள் கழித்து அதற்கடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பவனுக்குத்தான் மற்ற மாங்காயின் புளிப்பு தெரியும்.

பகலில் நான் வீடுகளுக்குச் சூடேற்றும் குழாய்கள் பொருத்துகிறவன். குளிர்நாட்டில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமைகளில் பெரியவரின் கொட்டகைக்கு வந்துவிடுவேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். குனிந்தால் நிமிர நேரமாகும். குனிய வேண்டிய வேலைகள் எல்லாம் என்னுடையவை.

கூட்டைக் கழற்றுவது எளிது. பின்பாதியை இருவர் இரு முனையில் பிடித்துத் தூக்கினால் மூங்கில் கூடை போல வந்துவிடும். அடித்தகடுதான் பொறுமையைச் சோதிக்கும். மெல்லிய அலுமினியத் தகடு, வரிசையாக ரிவெட் அடித்துச் சட்டகத்தோடு இறுக்கியது. ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் 3.2 மில்லிமீட்டர் டிரில்லால் குடைந்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ரிவெட் சுழலத் தொடங்கி, தகட்டின் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பாதி நாள் அதிலேயே கழிந்தது.

தகடு இறங்கியதும் வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பம்பை என் வண்டியிலிருந்து எடுத்துவந்தேன். சட்டகக் குழாயின் முன்வாயையும் பின்வாயையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, ஒன்றின் நடுவே பம்பின் முனையைச் செருகினேன். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம்வரை காற்று ஏற்றினேன்; கார் சூடாக ஓடும்போது அதற்குள் இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முள் ஏறி நின்றது. பிறகு சோம்பலாக இறங்கத் தொடங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பெயின்ட் பிரஷ்ஷால் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே போனேன். இணைப்புகள்தான் என் சந்தேகம். ஒவ்வொன்றாகத் தடவினேன், ஒன்றிலும் நுரையில்லை. நடுவில், எந்த இணைப்பும் இல்லாத நேரான இடத்தில், குழாயின் அடிவயிற்றில், அரிசி மணி அளவில் ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. அடுத்தது எழுந்தது.

துணியால் துடைத்துக் கைவிளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். நுண்துளையை எதிர்பார்த்தேன். இருந்தது வட்டமான, சுத்தமான ஓட்டை. அதற்குள் ஒரு ரிவெட்டின் மிச்சம் இன்னும் இறுகிக் கிடந்தது.

யாரோ ஒருவன் தண்ணீர் ஓடும் குழாயில் துளைபோட்டு ரிவெட் அடித்திருக்கிறான். அந்த முட்டாளை வாய்விட்டுத் திட்டினேன், இரண்டு மொழியிலும். பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே, "போன ஆண்டு குளிர்காலத்தில் அடித்தகட்டை மாற்றினோமே, நினைவிருக்கிறதா?" என்றார், மெதுவாக.

நினைவு வந்தது. புதுத் தகட்டைச் சட்டகத்தின் மேல் வைத்துப் பழைய ஓட்டைகளுக்கு நேராகத் துளையிட்டுக்கொண்டே போனேன். ஓரிடத்தில் தகட்டுக்கு அடியில் ஓட்டை தட்டுப்படவில்லை. பெயின்ட் அடைத்திருக்கும் என்று நினைத்து அழுத்தினேன். டிரில் 'களுக்'கென்று உள்ளே போனது. அந்த இடத்தில் முதலில் செய்தவர்கள் ரிவெட்டே அடிக்கவில்லை. குழாயில் ஒட்டிய ஒரு சிறு நாக்கில் தகட்டைப் பிடித்திருக்கிறார்கள்; அந்த நாக்கு எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய்களைத் துளைபடாமல் காப்பதே பிழைப்பாகக் கொண்டவன், தெரியாமலே தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ரிவெட் ஓட்டை மட்டும் என்றால் ஒரு மணி நேர வேலை. ஆனால் ரிவெட் மிச்சத்தைப் பிடுங்கியதும் ஓட்டையின் விளிம்பு கண்ணில் பட்டது. குழாயின் சுவர் மெலிந்திருந்தது, ஏறக்குறைய நகத்தின் கனம்தான். ஒலியலையால் கனம் அளக்கும் சிறு கருவியை வேலையிடத்தில் இரவல் வாங்கி, ஒரு சாண் இடைவெளியில் குழாய் முழுக்க அளந்து சாக்குக்கட்டியால் எண்களை எழுதினேன். புதிதில் 1.2 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். மேலே 1.1, 1.1, 1.0. கீழே வரவர 0.9, 0.8. ஓட்டையைச் சுற்றி 0.6.

காரணம் எனக்குப் பழக்கமானதுதான். வீடுகளின் ரேடியேட்டரைக் கழற்றினால் கொட்டும் அந்தக் கருஞ்சேறு, எஃகும் தண்ணீரும் காற்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை. மூன்றில் காற்றை விலக்கினால் துரு பசியோடு கிடக்கும். பெரியவர் செய்துவந்தது நேர் எதிர். பந்தய நாட்களில் கிளைக்கால் கலந்த உறைதடுப்பியை அவர் ஊற்றுவதில்லை, பாதையில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கிப் போவார் என்பதால். வெறும் தண்ணீர்தான். குளிர்காலத்தில் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடக் கூடாதே என்று நவம்பரில் வடித்துவிடுவார். வடித்தாலும் குழாயின் தாழ்ந்த வயிற்றில் அரை டம்ளர் தங்கிவிடும். அந்த அரை டம்ளரும், மேலே குழாய் நிறையக் காற்றும், நான்கு மாத ஓய்வும். துருவுக்கு விருந்து வைத்ததுபோல. ஒரு வகையில் என் ரிவெட் நல்லதும் செய்தது: அது ஒழுகாமல் இருந்திருந்தால் இந்த 0.6ஐப் பந்தயப் பாதையில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

என்ன செய்வது என்பதில் இரண்டு சனிக்கிழமைகள் பேச்சிலேயே போயின. குழாய்க்குள் பிசின் ஊற்றிப் பூசிவிடலாம் என்று ஒரு யோசனை. பிசின் உரிந்தால் நேராக ரேடியேட்டரின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். வேண்டாம் என்று முதலிலேயே தள்ளினேன். தனியாக அலுமினியக் குழாய் ஒன்றை ஓட்டித் தண்ணீரை அதில் விட்டுவிட்டு, சட்டகக் குழாயைச் சும்மா விடலாம் என்பது இரண்டாவது. பந்தயத்தில் ஓடும் இந்த வகைக் கார்கள் சிலவற்றில் அப்படிச் செய்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான வழிதான், நானும் அதையே வற்புறுத்தினேன். பெரியவர் மசியவில்லை. "0.6 கனம் உள்ள குழாய் தண்ணீரைச் சுமக்காவிட்டாலும் காரைச் சுமக்க வேண்டுமே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெலிந்த பகுதியை எப்படியும் வெட்டி எடுத்தாக வேண்டும். வெட்டுவது என்று ஆனபின், முன்பு இருந்தபடியே வைத்துவிடலாம் என்பது அவர் கட்சி.

அடுத்த சண்டை கனத்தைப் பற்றி. 1.6 மில்லிமீட்டர் குழாய் போடலாம், இன்னொரு அறுபது ஆண்டு தாங்கும் என்றேன். இதற்கும் மறுப்புத்தான். இந்தச் சட்டகத்தில் ஓரிடத்தைத் தடிப்பாக்கினால், அங்கே வளையாத வளைவு பக்கத்து இணைப்பில் போய்ச் சேரும். ஐந்தாறு பந்தயத்தில் அந்த இணைப்பு விரியும் என்றார். முந்தைய உரிமையாளர் ஒருவர் பெடல்களுக்கு அருகே ஒரு முக்கோணத் தகட்டை வலுவுக்காகச் சேர்த்திருந்தார். அதன் முனையில் சரியாக ஒரு மயிரிழை விரிசலைப் பெரியவர் காட்டினார். இந்த வேலையில் கடைசிவரை என்னை உறுத்தியது இதுதான். கை தானாகவே தடிப்பானதைத் தேடுகிறது. ஒரு வாஷர் கூடுதலாக, ஒரு பட்டை கூடுதலாக. 1.2 என்றால் 1.2 மட்டுமே என்று கையை அடக்குவது, நெருப்பைப் பிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

வெட்டுவதற்கு முன் சட்டகத்தைக் கட்டிப்போட வேண்டும். ஒரு குழாயை எடுத்தால் மற்றவை சோம்பல் முறிக்கும். எஞ்சினையும் சக்கரங்களையும் இறக்கி, சட்டகத்தை ரசமட்டம் பார்த்துச் சமன்செய்த எஃகு மேசையில் ஏற்றி, வெட்டப்போகும் இடத்தின் இருபுறமும் கோண இரும்பால் தாங்கு கட்டினேன். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரில் எழுதினேன். இரண்டுக்கும் வேறுபாடு 3 மில்லிமீட்டர். பதறிவிட்டேன். செஸ்ஹன்டிலிருந்து வந்தபோதே அப்படித்தான் இருந்திருக்கும் என்று பெரியவர் சிரித்தார்.

மெலிந்த பகுதியை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து எடுத்தோம். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது கருவேலம்பட்டைத் தூள் போல ஒரு கைப்பிடி துரு கொட்டியது.

புதுக் குழாயின் ஒரு முனை நேராக ஒட்டினால் போதும். மறுமுனை இன்னொரு உருண்டைக் குழாயின் தோளில் சாய்வாக உட்கார வேண்டும். அதற்கு வாயை மீன்வாய் போல வளைத்து வெட்ட வேண்டும். கணினியில் அச்சிட்ட வடிவத்தாளைக் குழாயில் சுற்றிக் கோடு போட்டேன். அறுத்தபின் அரைவட்ட அரம். பத்து முறை இழுத்து, ஊதி, கொண்டுபோய் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது. இடதோரம் வெளிச்சம் கசிந்தால் வலதோரத்தில் உட்காரும் மேட்டை இரண்டு இழுப்பு. மறுபடி விளக்கு. முதலில் தீக்குச்சி நுழைந்தது. பிறகு அஞ்சலட்டை. மதியத்துக்கு மேல் சிகரெட் தாளும் நுழையாத இடத்துக்கு வந்தது. கடைசி இரண்டு இழுப்பு அதிகமாகிவிட, அந்தத் துண்டை வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது துண்டுக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.

ஒட்டுவது மின்வெல்டிங் அல்ல. பழைய இணைப்புகள் நிக்கல் கலந்த வெண்கலக் கம்பியால் பற்றவைத்தவை. வெண்கலம் ஊறிய எஃகை வெல்டிங் சூட்டில் உருக்கினால், வெண்கலம் எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து விரிசலிடும். ஆகவே வெண்கலத்தின் மேல் வெண்கலம்தான். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். இதற்கு 900 பாகை அளவில் போதும். குழாய் முறுக்கிக்கொள்ளாது. நம் ஊர்த் தட்டார்கள் பொடிவைத்து ஊதுவதன் பெரிய அண்ணன்தான் இது. அவர்கள் தேய்த்துப் பூசும் வெங்காரம்தான் இங்கேயும் டப்பாவில் பொடியாக வருகிறது.

ஆயில் ஓடும் குழாயைத் தீ தொடும் முன் காரநீரால் மூன்று முறை கழுவினோம். உள்ளே தங்கிய ஆயில் ஆவி தீப்பிடித்தால் குழாய் துப்பாக்கியாகிவிடும். தண்ணீர்க் குழாயைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. முதல் இணைப்பு மங்கிய செந்நிறத்துக்கு வந்து, வெங்காரம் கண்ணாடி போல உருகிப் படர்ந்த நேரம், உள்ளே 'உஸ்'ஸென்று ஒரு சீறல். அடுத்த நொடி நீராவி என் கையுறையில் சூடான வெங்காரத்தைத் துப்பியது. குறுக்குக் குழாயின் முட்டுச்சந்தில் ஒரு மடக்குத் தண்ணீர் ஒளிந்திருந்திருக்கிறது. கையுறை காப்பாற்றியது. தீயை அணைத்து, சட்டகத்தைச் சாய்த்து வடித்து, தலைமுடி உலர்த்தி போன்ற சூடூதியால் அரை மணி நேரம் உலர்த்திவிட்டுத்தான் மறுபடி பற்றவைத்தேன்.

பிறகு நன்றாக ஓடியது. கம்பியின் முனை தொட்டதும் வெண்கலம் தயங்கி, ஒரு கணம் உருண்டையாக நின்று, சட்டென்று நனைந்து மூலைக்குள் ஓடும். அந்த நனைதலுக்காகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கம்பியை உருக்கி மேலே சொட்டவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், பிடித்திருக்காது. நான்கு இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஆறேழு நிமிடம். ஒடிந்துபோன அந்தச் சிறு நாக்கையும் புதிதாக வெட்டி அதன் இடத்தில் பற்றவைத்தேன்.

ஆறியபின் வெங்காரம் கண்ணாடியாக இறுகிவிடும். வெளியே கம்பித் தூரிகை போதும். உள்ளே இருப்பதுதான் கவலை. உதிர்ந்தால் ரேடியேட்டருக்குப் போகும். குழாயில் வெந்நீர் நிரப்பி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் கலங்கிய நீர் தெளியும்வரை அலசினேன். பிறகு அதே பம்பு, அதே 15 பவுண்டு, அதே சோப்பு நீர். அரை மணி நேரம் முள் அசையவில்லை. தாங்கு இரும்பை அவிழ்த்துக் குறுக்களவு பார்த்தேன். வேறுபாடு 3 மில்லிமீட்டர். கெடுக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

மாட்டும் வேலை இரண்டு வாரம். புகைபோக்கிக் கேஸ்கெட்டை மட்டும் பெரியவர் தானே வந்து பார்த்தார். 1962 மே மாதம் ஜெர்மனியில் நடந்த நூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தில், லோட்டஸ் அணியின் ஓட்டுநர் ஜிம் கிளார்க் இதே வகைக் காரை 1.5 லிட்டர் எஞ்சினோடு ஓட்டினார். ஈரப் பாதை. பெரிய எஞ்சின் கார்களை எல்லாம் பின்னால் விட்டு, முதல் சுற்று முடிவிலேயே 27 வினாடி முன்னால் வந்தார். 12ஆவது சுற்றில் காரை இடித்துவிட்டார். உடைந்த புகைபோக்கியிலிருந்து கசிந்த புகையைச் சுவாசித்து அவருக்குக் கிறக்கம் வந்திருந்தது. "கேஸ்கெட்டுக்கு நான் பொறுப்பு, ரிவெட்டுக்கு நீங்கள்" என்றார் பெரியவர். இனி எத்தனை ஆண்டுக்கு இதைச் சொல்லிக்காட்டப் போகிறாரோ!

சக்கரம் பூட்டும்போது அவருக்கு ஒரு பழைய கோபமும் வரும். அதே ஆண்டு பிரான்சில் நடக்கும் லெ மான் பந்தயத்துக்குப் போன 23களில் முன்சக்கரத்துக்கு நான்கு திருகாணி, பின்சக்கரத்துக்கு ஆறு. ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டிலும் பொருந்தாது என்று பரிசோதகர்கள் மறுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து நான்கு திருகாணிப் பாகங்களை விமானத்தில் வரவழைத்துப் பூட்டினால், ஆறு தேவை என்று வடிவமைத்த இடத்தில் நான்கு எப்படிப் போதும் என்று மறுபடி மறுத்தார்கள். இனி லெ மான் பக்கமே வரமாட்டேன் என்றார் சாப்மன். 1982 டிசம்பரில் இறக்கும்வரை வரவில்லை. எனக்குப் பரிசோதகர்கள் கேட்டதிலும் ஒரு ஞாயம் தெரிகிறது. அதைக் கொட்டகைக்குள் சொல்வதில்லை.

மே இரண்டாம் சனிக்கிழமை தண்ணீர் ஊற்றினோம். துரு தடுக்கும் மருந்து சேர்த்து, மூக்கை ஜாக்கியில் உயர்த்தி, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே. எஞ்சின் பிடித்ததும் நான் தரையில் படுத்துப் புதுக் குழாயில் புறங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. நான்கு நிமிடம் கழித்து எஞ்சின் பக்கத்து முனை வெதுவெதுப்பானது. சூடு முன்னோக்கி நகர்ந்து முதல் இணைப்பைத் தாண்டியது, நாக்கைத் தாண்டியது, இரண்டாவது இணைப்பை அடைந்தது. கையை எடுக்க வேண்டியதாயிற்று. இருக்கையில் இருந்த பெரியவர் தொடையைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

இனி நவம்பரில் வடிப்பதில்லை. உறைதடுப்பி கலந்து கழுத்துவரை நிரப்பி வைப்பது என்று முடிவு. புது அடித்தகட்டில் தண்ணீர்க் குழாய் வரும் இடம் நெடுகச் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருக்கிறேன். ஆயில் குழாயையும் போகிறபோக்கில் அளந்தேன்: பெரும்பாலும் 1.1, இருக்கைக்குப் பின்னால் ஓரிடத்தில் 0.9. சாக்குக்கட்டி எண் அழிந்துவிடும் என்று அதையும் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன்.